மாதக்கணக்கில் நிற்கும் குளிசை

இருபத்தெட்டு வயதிலேயே என் உச்சந்தலை வெளியே தெரிந்தது. கலஹாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் தாயார் என் காதில் விழும்படியே தரகரிடம் கேட்டார்: "மாப்பிள்ளையோட அப்பா வந்துட்டாரு, மாப்பிள்ளை எங்கங்க?" கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

மறுவாரமே கண்டியில் ஒரு தோல் வைத்தியரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் பினாஸ்டரைட் குளிசை எழுதித் தந்தார். ஒரு வருடம் குடித்தேன். கொட்டுவது நின்றது, புதிதாக முளைக்கவில்லை. இதைவிடப் பலமானது வேண்டுமென்றேன்.

"டுடாஸ்டரைட் இருக்கு. முடிக்கு அது கொஞ்சம் கூட வேலை செய்யும். ஆனா தம்பி, இப்ப குடிக்கிறதை விட்டா அது கெதியா உடம்பை விட்டுப் போயிடும். இது மாசக்கணக்கிலை நிக்கும். விட்டாலும் ஆறு மாசத்துக்கு இரத்தம் குடுக்கக் கூடாது. அந்த இரத்தம் பிள்ளைத்தாச்சிக்கு ஏறினா, வயித்திலை இருக்கிற ஆம்பிளைப் பிள்ளைக்குக் கேடு."

அதையே எழுதித் தரச் சொன்னேன்.

நெற்றிக்கு மேல் பூனைமயிர் போலக் கொஞ்சம் வளர்ந்தது. கூடவே பெண்ணாசை செத்துப்போனது. பெண் பார்ப்பதே வெறுத்துவிட, குளிசையை நிறுத்தினேன்.

நிறுத்தி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கர்ப்பமாயிருந்த அக்காவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. எங்கள் வீட்டில் ஓ நெகட்டிவ் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான். அத்தான் என் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்கு இழுத்துப்போனார். மருந்து ஏதும் குடிக்கிறேனா என்று தாதி கேட்டாள். சொன்னேன். முடியாதென்று எழுந்துவிட்டாள்.

"ஒனக்கு என்னடா வருத்தம்? எதுக்குடா மருந்து குடிச்ச?" என்றார் அத்தான்.

"முடிக்குக் குடிச்சேன், அத்தான்."

அவர் என் தலையைப் பார்த்தார். "இந்த நாலு மயிருக்காடா?"

வேறு ஊரிலிருந்து இரத்தம் வந்தது. அக்கா பிழைத்தாள். ஆண் குழந்தை செத்துப் பிறந்தது. அக்காவைக் கொண்டுவரும் முன்பே பிள்ளை போய்விட்டது, இரத்தம் பிந்தியது காரணமில்லை என்று டொக்டர் அத்தானிடமே சொன்னார். ஆனாலும் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "மாமன்காரன் அழகா இருக்கணும்னு எம் புள்ளய அனுப்பிட்டான்" என்றார் அத்தான். அம்மா மறுக்கவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலருகே போய் நின்றேன். மெல்லத் திரும்பி, என் நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வளந்திருக்கு தம்பி" என்றாள். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.