ராகு காலத்தில் தீர்ந்த பேட்டரி

புயல் நிவாரணத்துக்கு சாட்டிலைட் கருவியோடு கிளம்பும் தம்பிகள் சிலர், பேட்டரியை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்டிருந்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கொட்டிவாக்கத்துக்கு வேனில் போன ஒரு பயணம். எழுபதுகளின் கடைசி, கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மழையில் டிரங்க் கால், தந்தி எல்லாம் படுத்துவிட்டதால், எங்கள் புது சாட்டிலைட் கருவியை ஜெனரேட்டர் இல்லாமல் வெறும் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மறுமுனை அகமதாபாத்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். நான் டெக்னீஷியன், வரதன் சார் அதிகாரி, ஓட்டியது முனுசாமி. சைதாப்பேட்டையில் தண்ணீர் வடியவில்லை. சுற்றிக்கொண்டு அடையாறு வந்தபோது ஒன்பதேகால். ஆற்றோரக் குடிசைகளுக்கு எதிரே முனுசாமி வண்டியை ஓரங்கட்டினான்.

"நம்ம ஏழுமலை பொண்ணு காத்தால செத்துப் போய்ட்சி சார். ஜுரம். அவன் சம்சாரத்தையும் இட்டுக்கினு போலாம் சார்."

ஏழுமலை எங்கள் இன்னொரு வண்டியின் டிரைவர். மறுமுனைக் கருவியோடு அகமதாபாத்தில் இருந்தான். அவன் மனைவி கன்னியம்மா ஈரப் புடவையோடு ஏறி உட்கார்ந்தாள். அழவில்லை. "பாப்பாவ அவரு வர்ற வரிக்கும் வெச்சிருக்கவா, எடுத்துடவான்னு ஒரு வார்த்த கேக்கணும் சார். அவ்ளோதான்" என்றாள்.

கொட்டிவாக்கத்தில் அப்போது சவுக்குத் தோப்பும் மணலும்தான். பத்து மணிக்குச் சேர்ந்து, ஆன்டெனாத் தட்டை மேற்கே சாய்த்து, நான்கு லாரி பேட்டரிகளை இணைத்தேன். பத்தரைக்கு ராகு காலம். புதுக் கருவிக்கு முதல் சுவிட்ச் அதற்குள் போட்டாக வேண்டும் என்று வரதன் சார் கற்பூரம் ஏற்றி என்னை விரட்டினார். போட்டேன். அகமதாபாத் உடனே பதில் சொன்னது. ஏழுமலை சாமான் வாங்கப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்றார்கள். அவன் வருவதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது.

"துக்கத்தை இந்த வேளையில சொல்ல வேண்டாம். பன்னெண்டுக்குப் பேசிக்கலாம், அவனை அப்போ வந்து நிக்கச் சொல்லும்" என்றார் சார்.

"அப்போ அதுவரைக்கும் அணைச்சிடறேன் சார். பேசினாலும் பேசாட்டியும் டிரான்ஸ்மிட்டர் அதே கரண்டைத்தான் குடிக்கும்."

"ஏத்தின விளக்கை ராகு காலத்துல அணைப்பாளா? ரெண்டு மணி நேரம் தாங்கும்னு நீர்தானே சொன்னீர்?"

"அது முழுசா சார்ஜ் ஆன பேட்டரிக்கு. இது நேத்து கரண்டு போனதுல பாதிதான் சார்ஜ் ஆச்சு."

கன்னியம்மாவே குறுக்கே வந்தாள். "சாமி சொல்றாமாரியே செய்ங்க சார். இன்னும் எதுனா ஆவப் போவுது." அதற்குமேல் நான் யாரிடம் வாதாடுவது? ஒன்றரை மணி நேரம் அந்தக் கருவி யாருக்கும் எதுவும் சொல்லாமல் சூடாகிக்கொண்டிருந்தது.

கிளம்புகிறவர்களுக்கான யோசனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எழுத மனம் வராது. கேட்பதற்கு ரேடியோ அளவு கரண்ட் போதும். டிரான்ஸ்மிட்டர் ஓடினால்தான் பேட்டரி காலியாகும். பேச வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமானதை முதலில் சொல்லுங்கள், சொன்னதும் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். நல்ல நேரம் பார்ப்பதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு ரிசீவரைக் கன்னியம்மாவிடம் கொடுத்தேன். "ஏங்க" என்றாள். மீட்டரில் முள் சரிந்தது, டிரான்ஸ்மிட்டர் நின்றுவிட்டது. முனுசாமி வேன் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தான். டைனமோவுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆனால் கேட்கும் பகுதி மட்டும் உயிரோடு இருந்தது. ஸ்பீக்கரில் ஏழுமலையின் குரல் தெளிவாக வந்தது.

"கன்னிமா, நீயா? இன்னா, சத்தமே காணோம்? பாப்பாக்கு ஜுரம் வுட்டுச்சா? பக்கத்துல தான கீது? அதாண்ட குடு."

கன்னியம்மா ரிசீவருக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு சொல்லும் போகவில்லை. வரதன் சார் தோப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏழுமலை விடவில்லை. "பாப்பா, அப்பா பேசறன்டா கண்ணு" என்று சிரித்தான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல், அணைக்கலாம் என்று சுவிட்சில் கை வைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் சார், பேசட்டும். அவருக்கு இன்னும் பொண்ணு கீது."