அவர் நடையின் வேகம்

சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் தினமும் வேகமாக நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் என் மகள் தன்னுடைய பழைய ஸ்மார்ட்வாட்சைக் கொண்டுவந்து என் கையில் கட்டினாள். அவள் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறாள். ஐடி வேலை. புதிது வாங்கியபின் இது அலமாரியில் சும்மா கிடந்ததாம்.

"கொஞ்ச நாள் போட்டுப் பாரும்மா. உபயோகம்னு தோணிச்சுன்னா உனக்கே நல்லதா ஒண்ணு வாங்கலாம். இல்லன்னா கழட்டிக் குடுத்துடு."

நான் செங்கல்பட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்கிற பழக்கம் கிடையாது. முதல் வாரமே அந்த வாட்சைப் பற்றி எனக்கு இருந்த நல்ல அபிப்பிராயம் போய்விட்டது. கரும்பலகையில் எழுதினால் நடந்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டது. நாங்கள் குடியிருக்கும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்கும் காலடிகள் ஏறின. ஆனால் மார்க்கெட்டில் அந்தக் கையில் பையைத் தூக்கிக்கொண்டு உண்மையாகவே நடந்தபோது அசையாமல் இருந்தது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று காலையில் சொல்லும். அதுவரை நன்றாக இருந்த எனக்கு அதைப் படித்தபின் உடம்பு அசதியாகிவிடும். வளையலோடு உரசி மணிக்கட்டில் தடிப்பு வேறு.

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? கழட்டி வெச்சுட்டுப் போயேன்," என்றார் என் கணவர்.

அவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது. உள்ளூர் விவசாயக் குடும்பம். சின்ன வயதில் வயலில் இறங்கி வேலை செய்த உடம்பு. காய்ச்சல் என்றுகூடப் படுத்து நான் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னது எனக்குத்தான் என்றாலும், விடியற்காலையில் மலையைச் சுற்றி நான் தனியாக நடக்க வேண்டாம் என்று தானும் கூட வந்தார்.

நாங்கள் நடந்தது மலைசுற்றும் பாதையில். பௌர்ணமி அன்று கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் நாய்களும் குரங்குகளும் எங்களைப் போன்ற சிலரும்தான். சேர்ந்து நடக்க ஆரம்பித்த புதிதில் அவரோடு ஈடுகொடுக்க எனக்கு மூச்சு வாங்கியது. வாட்சில் ஒரு வசதி உண்டு: இதயம் போதுமான அளவு வேகமாகத் துடித்தால்தான் அந்த நடையை உடற்பயிற்சியாக எடுத்துக்கொள்ளும். முதலில் எல்லாம் அது தாராளமாகவே எனக்கு மதிப்பெண் போட்டது. பிறகு குறைத்தது. மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கியபோது, மலையை முழுதாகச் சுற்றி வந்தாலும் ஏதோ சமையலறைக்குள் நடமாடியதுபோல ஒன்றுமே போடவில்லை.

மகளுக்குப் போன் போட்டு, வாட்ச் கெட்டுவிட்டது என்றேன். வாட்ச் இன்னும் அவள் கணக்கில்தான் இருந்தது. தன் போனில் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வாட்ச் நல்லாதாம்மா இருக்கு. நீதான் மெதுவா நடக்குற. முன்ன விட ரொம்ப மெதுவா."

எனக்குக் கோபம் வந்தது. அதே பாதை, அதே ஆட்கள். நான் ஏன் மெதுவாக நடக்கப்போகிறேன்?

அந்த வாரம் கடப்பாக்கத்தில் ஒரு சாவுக்கு அவர் போக வேண்டியிருந்தது. முதல் நாளே கிளம்பிவிட்டார். காலையில் நான் மட்டும் மலையைச் சுற்றினேன். வேகமாக நடக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. கால் அதன் போக்கில் போயிற்று. வழக்கமாக வெயில் வந்தபின் வந்துசேரும் சங்கு தீர்த்தக் குளத்தங்கரைக்கு அன்று நான் வந்தபோது இருட்டே முழுதாக விலகவில்லை. வாட்ச் என் கையில் அதிர்ந்தது. பயிற்சி முடிந்ததென்று பாராட்டியது.

குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாக நடந்தது நான் இல்லை. அவர். அவருக்கு ஏற்றாற்போல என்னை அறியாமலே என் நடையும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக அவர் வழியில் அடிக்கடி நிற்பது அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. செருப்பு வார் சரியில்லை என்று நிற்பார். சுவரொட்டியைப் படிப்பார். பூக்கட்டுகிற அம்மாவிடம் மல்லி விலை கேட்பார், வாங்க மாட்டார். குரங்குக் குட்டியைப் பார் என்று என்னை நிறுத்துவார். இத்தனை வருஷத்தில் குரங்கை நின்று பார்த்தவர் இல்லை அவர்.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாங்க?"

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி கீறேன்."

"நடக்கும்போது அடிக்கடி நிக்கிறீங்களே?"

"ரயில புடிக்கவா போறோம்? ஆற அமர நடந்தா இன்னா தப்பு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு புதுமனைப் புகுவிழா. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மணலில் நடப்பது யாருக்குமே சிரமம். அவரை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று என் மனசுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கலாம். சாலையிலிருந்து அலை வரைகூடப் போகவில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு மீன்படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகையே பார்ப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சுற்றிப் போய் எதிரே நின்றேன். மத்தியானக் கடற்காற்றிலும் அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"இப்பவாவது சொல்லுங்க."

அவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். "இங்க யாரோ ஏறி உக்காந்த மாதிரி கீது. நின்னா சரியாப் பூடும்."

"எத்தன நாளா?"

"தீபாவளிக்கு முன்னாலருந்து. ஆபீசுல மாடி ஏற முடியல. கீழ சீட்டு மாத்திக்கினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவ. எங்கண்ணன் இதே மாதிரி நடந்துதான் உள்ள போனாரு. நீயும்தான பாத்த? வெளிய எப்பிடி வந்தாரு?"

பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமான புதிது. அண்ணனை ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அதன் பிறகு இவர் ஒரு ஊசி போட்டுக்கொள்ளக்கூட எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதித்ததில்லை. அவரைக் கல் போன்ற உடம்புக்காரர் என்று நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

படகு நிழலில் அவரை உட்கார வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, போலாம்," என்றார். வீட்டுக்கா ஆஸ்பத்திரிக்கா என்று நான் கேட்கவில்லை. ஆட்டோக்காரரிடம் செங்கல்பட்டு என்றேன். என் கணவரும் மறுக்கவில்லை.

அங்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து சோதனைகள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் பெரிய அடைப்புகள் இருந்தன. பைபாஸ்தான் வழி என்றார்கள். எங்களுக்கு விளக்கிச் சொன்ன டாக்டர் இளம்பெண். என் மகளைவிடச் சில வயது பெரியவராக இருப்பார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். வாட்சைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"இது அவர் கையில இருந்திருந்தா ஒண்ணுமே காட்டாமப் போயிருக்கலாம்மா. அடைப்பையெல்லாம் இது பாக்காது. உங்க நடை ஏன் கொறஞ்சுதுன்னு நீங்க யோசிச்சீங்க பாருங்க, அதான் விஷயம்."

ஆபரேஷன் சென்னையில் நடந்தது. கதவு வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பயமா என்று கேட்டேன். "ஆமா," என்றார். இத்தனை வருஷ வாழ்க்கையில் அந்த ஒரு சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான். அவர் கண் விழித்துவிட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னபோது என் மகள் சத்தம் போட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எப்போது பார்க்கலாம் என்று நர்ஸிடம் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று மகள் அப்பாவுக்கென்று ஒரு புது வாட்ச் கட்டினாள். விலை உயர்ந்த ரகம். அவர் இதயத்துடிப்பை அவளுடைய போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் அது அப்போது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆறுதல் நிலைக்கவில்லை. அவர் அந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தார். சோற்றைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு இடதுகையைத் திருப்பிப் பார்ப்பார். "பாரு, ஏறிப்போச்சு," என்பார். பார்த்துப் பயந்தால் இன்னும் ஏறும். டாக்டர்கள் தெருவில் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். வாசற்படி வரை வந்துவிட்டு எண்ணைப் பார்த்துத் திரும்பிவிடுவார். இந்தப் பக்கம் இப்படியென்றால், கேளம்பாக்கத்தில் என் மகள் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை கொஞ்சம் தளர்ந்து எண் காணாமல் போனால் உடனே எனக்குப் போன் வரும். வகுப்பை விட்டு வெளியே வந்து பேசுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மகள் இறங்கி ஓடிவந்தாள். தலை கலைந்து, காலில் வீட்டுக்குள் போடும் செருப்பு. வாட்சிலிருந்து எதுவும் வரவில்லை, அம்மா போனும் எடுக்கவில்லை, அப்பா போனும் எடுக்கவில்லை என்று கிளம்பியிருக்கிறாள். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் போன் சத்தமில்லாமல் பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே கிடந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாட்ச் சார்ஜில் கிடந்தது.

அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்ப்பா."

அவர் சார்ஜில் கிடந்த வாட்சைப் பார்த்தார். "இது வேணாம்மா. என்னால முடியல. இத்தப் பாத்துப் பாத்தே செத்துடுவேன் போல கீது."

"அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேளு. நா சொல்றேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்கப்பா." அவள் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. "நெஞ்சு வலிய வெச்சுக்கிட்டு தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்க. லிப்ட் ரிப்பேரு. மாடி ஏறி வந்தீங்க. நல்லாருக்கேன்னுதான் சொன்னீங்க. உங்கள நா எப்பிடிப்பா நம்புறது?"

அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த நான் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். சமாதானமாக ஏதாவது சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடத் தோன்றியது. வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, வலிக்காமலிருக்க மார்பை ஒரு கையால் அணைத்தபடி, அவள் பக்கத்தில் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப சொல்லல, தப்புதான். இனிமே சொல்றேன். உன் தலமேல கை வெச்சு சொல்றேன், இன்னா இருந்தாலும் சொல்றேன்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரும் இப்போதைக்கு வாட்ச் வேண்டாம் என்றார். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, அதுவே அவருக்குப் போதுமான அளவு. பேச முடியாமல் போனால் நிற்கட்டும், நெஞ்சு இறுக்கினால் உடனே வாருங்கள் என்றார். புது வாட்சை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பழையது என் கையிலேயே தங்கியது.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் இப்போது ஸ்மார்ட்வாட்ச் வாங்குவதா வேண்டாமா என்ற யோசனையில் இருக்கிறார். நடந்ததெல்லாம் கேள்விப்பட்டவர். "உங்க வீட்டுக்காரரக் காப்பாத்துச்சே டீச்சர், வாங்கிடலாமில்ல?" என்று கேட்டார். அது காப்பாற்றவில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: வேகமாக நடக்கிறோமா, நேற்று நடந்தோமா என்பதை அது ஓரளவு சரியாகவே சொல்லும். சோம்பலாக இருக்கிற காலையில் என்னை எழுப்பி வெளியே அனுப்புகிறது. சர்க்கரையும் இப்போது குறைந்திருக்கிறது. தூக்கத்தைப் பற்றி அது சொல்வதை நான் பார்ப்பதில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் கையில் அது இருக்க வேண்டாம். உடம்பில் ஏதாவது தோன்றினால் வாட்ச் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். இவ்வளவும் கேட்டுவிட்டு, அப்படியானால் வாங்கவா வேண்டாமா என்றார். சாதாரணமானதாக ஒன்று வாங்குங்கள் என்றேன்.

என் கணவரின் உடம்பு பழையபடி ஆகவில்லை. இதயத்தின் ஒரு பகுதி பலவீனமாகவே இருக்கும், கவனமாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். நான் விடியற்காலையில் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்து, பிறகு அவரோடு தெருமுனை வரை இன்னொரு முறை நடக்கிறேன். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவரே மகளுக்குப் போன் செய்கிறார். காலையில் படி ஏறும்போது லேசாக ஒரு வலி, சீக்கிரம் போய்விட்டது. மத்தியானம் கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, அம்மா பார்த்தாள். ராத்திரி படுத்தால் பயமாக இருக்கிறது. ஒன்று விடாமல் சொல்கிறார். கேட்டுக்கொண்டே சில நாள் அவள் அழுகிறாள். அது இவருக்கும் கேட்கும். அவள் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மீதியையும் சொல்கிறார்.