ஒரின்குல் போர்த்திய மேலங்கி

எங்கள் கரகந்தா நகர விளையாட்டரங்கில் தேநீர் ஊற்றுபவள் ஒரின்குல். விருந்தாளியின் கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டாள். நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். அப்படிப்பட்டவளின் அரங்குக்கு, கடும் பனிக்காலத்தில், உலகக் கணினி விளையாட்டுப் போட்டி வந்து சேர்ந்தது.

கணினிகள் பாதி சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. விடுதியில் அறை பதிய மறந்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் மல்யுத்த மெத்தைகளில் படுத்தார்கள். சூடேற்றும் குழாய்களில் உயிரில்லை. பிரேசில் அணித் தலைவன் காயோ ஒரு கொட்டாவி விட்டான். திறந்த வாய் அப்படியே உறைந்து, மூட வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

"விருந்தாளியக் குளிர்ல போட்டுட்டு நமக்கு எப்படி இறைச்சி இறங்கும்?" என்று ஒரின்குல் தன் அடுக்குமாடி முழுக்க அலைந்து, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் மின்சமோவார்களைத் திரட்டி வந்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த மின்இணைப்பில் எல்லாவற்றையும் செருகினாள். அது கணினிகளுக்கானது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அரையிறுதியில் பிரேசில் எங்கள் பிள்ளைகளை வீழ்த்த இன்னும் ஒரே ஓர் அடி. சமோவார்கள் ஒன்றாகக் கொதித்தன, அரங்கம் இருண்டது. விதிப்படி முதலிலிருந்து ஆடச் சொன்னார்கள். எங்களவர் வென்றார்கள்.

ஒரின்குல் அமைப்பாளன் தாஸ்தானிடம் போனாள்.

"தம்பி, கரண்ட் போனது என் சமோவாராலதான். ஜெயிச்சது அந்தப் பிள்ளைங்க."

"பெரியம்மா, ஊரே ஆடிக்கிட்டு இருக்கு. பழிய மின்வாரியத்து மேல போட்டாச்சு. அவங்களுக்கு அது பழகினதுதான்."

"வீட்டுக்கு வந்தவன் பையில கைய விட்டுட்டு ஆட்டம் வேறயா?"

"போய் டீ ஊத்துங்க."

பரிசளிப்பன்று அவள் மேடையேறி, இறந்துபோன கணவனின் வெல்வெட் மேலங்கியை, மூன்றாம் பரிசு வாங்க நின்ற காயோவின் தோளில் போர்த்தினாள். தவறு செய்தவர் குதிரையும் அங்கியும் கொடுத்து மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். "குதிரைக்கு நான் எங்க போவேன்? இதையாவது வாங்கிக்க ராசா. வெளிச்சத்த அணைச்சது நான்தான்" என்றாள். கூட்டத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை. எல்லோரும் தங்கள் காலணிகளையே பார்த்தார்கள்.

தாஸ்தான் அமர்த்திய மொழிபெயர்ப்பாளன், "உங்களை வாழ்த்துறாங்க" என்று முடித்துவிட்டான். காயோ சிரித்தபடி படத்துக்கு நின்றான்.

எங்கள் அணித் தலைவன் யெர்நாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. விளையாட்டில் பொறுக்கிய பத்து ஆங்கிலச் சொற்களாலும் இரண்டு கைகளாலும் நடந்ததைக் காயோவுக்குச் சொன்னான். சிரிப்பு நின்றது. காயோ அங்கியைக் கழற்றி, அழகாக மடித்து, அவள் கையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

எங்களிடையே அங்கி திரும்பி வந்தால் மன்னிப்பு இல்லை.

"அந்த வழக்கம் அவனுக்குத் தெரியாது பெரியம்மா," என்றான் யெர்நார்.

"எனக்குத் தெரியுமே," என்றாள் ஒரின்குல்.