மச்சாள் மகளுக்குப் போட்டுக்கொடுத்த பைத்தன்

எங்கள் குடும்பத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பதை மூன்று மாதக் கர்ப்பத்தைப் போல மறைப்பார்கள். வேலை கையில் கிடைக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, கண் பட்டு நாவூறு ஆகிவிடும். நானும் அப்படித்தான். நாற்பது தாண்டிய பிறகு, பகலில் ஒரு ஃபக்ரரியில் தொழிலாளியாகப் பொதி கட்டிக்கொண்டே மாலை வகுப்பில் புரோகிராமிங் படித்து, மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. நேர்முகத்தில் சொந்த லாப்டொப்பில் ஒரு பரீட்சை செய்ய வேண்டும். அதில் பைத்தன் மொழியின் பழைய வேர்ஷன் ஒன்று இருக்க வேண்டும் என்றும் அறிவித்திருந்தார்கள்.

அதைப் போடுவதற்குள் எனக்குச் சீவன் போய்விட்டது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பாக்கேஜ் மனேஜர் எல்லாவற்றையும் தானே இறக்கிப் பொருத்தித் தரும் என்று வகுப்பில் சொன்னார்கள். தந்தது, ஆனால் புதிய வேர்ஷனை. பழையதை எண் சொல்லி இறக்கினாலும் திரை அதைச் சட்டை செய்யாமல் புதியதையே திறந்தது. எந்தப் பாதையில் முதலில் தேடுவது என்று கணினிக்கு எழுதி வைக்க வேண்டுமாம். கேட்க ஆளில்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை போனது.

அடுத்த ஞாயிறு கணவரின் அக்கா, என் மச்சாள், ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரிலிருந்து மகளோடும் மகளின் லாப்டொப்போடும் வந்தார். மகள் அப்போதுதான் பல்கலைக்கழகம் முடித்திருந்தாள்.

"நீர் உதெல்லாம் படிச்சனீர்தானே. இவளுக்கு உந்தப் பைத்தனை ஒருக்காப் போட்டு விடும்."

"என்னத்துக்கு மச்சாள்?"

"சும்மாதான். ஏதோ பழகப் போறாளாம்."

"மாமி, லேட்டஸ்ட் வேண்டாம், பழசுதான்" என்று மகள் வேர்ஷன் எண்ணைச் சொன்னாள். நான் போட்டு வைத்திருந்த அதே எண். எனக்கு ஒன்றும் பொறி தட்டவில்லை. என்னிடமும் ஒருவர் கேட்டு வந்திருக்கிறாரே என்று பெருமை, புளுகம். தேநீர் ஆறுவதற்குள் இறக்கி, பாதையையும் எழுதி, ஓட்டியும் காட்டினேன். "சோ ஈஸி" என்றாள் பிள்ளை.

பரீட்சைக்கு முதல்நாள் அர்ச்சனை செய்ய றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனேன். கார் தரிப்பிடத்தில் மச்சாள் அர்ச்சனைத் தட்டோடு நின்றார்.

"சும்மா வந்தனாங்கள்" என்றார்.

"நானும் சும்மாதான்" என்றேன்.

பிறகு, வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டோம் என்று எனக்கு மின்னஞ்சல் வந்தது. குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவி வெளியே வந்தால், கணவர் சிரித்தபடி கைபேசியோடு நிற்கிறார். மச்சாளின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், சனிக்கிழமை சாப்பாடாம்.

அங்கே போய்த்தான் எந்த நிறுவனம் என்று கேள்விப்பட்டேன்: நான் விண்ணப்பித்த அதே காப்புறுதி நிறுவனம். பொரித்த றோல்ஸைக் கடித்த மீதியோடு தட்டில் வைத்தேன். "மாமி போட்டுத் தராட்டி டெஸ்ட்டில அப்பிடியே நிண்டிருப்பன்" என்று மகள் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளில் பிழையில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளையின் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இழந்ததைச் சொல்லி அழவும் வழியில்லை. நான் விண்ணப்பித்ததே ஒருவருக்கும் தெரியாதே.

மச்சாள் என் தட்டில் இன்னொரு றோல்ஸ் வைத்தார்.

"படிச்சதை வீணாக்காமல் நீரும் எங்கையாவது அப்ளை பண்ணிப் பாருமன். உந்த ஃபக்ரரியிலயே கிடந்தா ஆர் தேடி வந்து வேலை தரப்போகினம்?"

"உதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார் கணவர்.

"ஓம் மச்சாள்" என்றேன். "இனித்தான் போட்டுப் பாக்க வேணும்."