உம் கொட்டக் கூடாது

என் முதல் பேட்டியைப் போட்டுக் கேட்டுவிட்டு எங்கள் வானொலித் தயாரிப்பாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அவர் பேசறாரா, நீ பேசறியா? வார்த்தைக்கு வார்த்தை உம், உம்னுண்டு இருக்கே. நான் பிளேடை எங்கே வைப்பேன்?"

வந்திருந்தவர் ஒரு நாவலாசிரியர். அவர் தன் எழுத்து மேசையைப் பற்றிச் சொன்னார், நான் உம் என்றேன். மேசை ஆடும் என்றார், அதற்கும் உம். அதில் என்ன தப்பு என்றே எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் உம் கொட்டாவிட்டால் கோபம் என்று அர்த்தம்.

அப்போது பேச்செல்லாம் பழுப்பு நிற ஒலிநாடாவில் பதிவாகும். வேண்டாத இடத்தை வெள்ளைப் பென்சிலால் குறித்து, பிளேடால் வெட்டி, இரண்டு நுனிகளையும் ஒட்டுவார்கள். என் உம், விருந்தினரின் சொல் மேல் விழுந்துவிட்டால் தீர்ந்தது. அதை வெட்டினால் அவர் சொல்லும் சேர்ந்து போகும்.

"தலையாட்டு. கண்ணை விரி. சிரி. வாயை மட்டும் திறக்காதே" என்றார் தயாரிப்பாளர். மாட வீதிக்காரர். எதையும் மெதுவாக, சந்தேகமில்லாமல் சொல்வார். "நன்னா கேக்கறவாகிட்டேந்து சத்தமே வராது."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எம்.ஏ. முடித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்து, தி. நகரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருந்தேன். பகலில் மேற்கு மாம்பலத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கில இலக்கணம் எடுப்பேன். மாதத்தில் ஓரிரு நாள் வானொலியில் இளைஞர் நிகழ்ச்சி. அறைத்தோழி கல்யாணமாகிப் போன பிறகு அவள் கட்டில் காலியாகவே கிடந்தது. முதலில் அதில் என் புத்தகங்களைப் போட்டேன், பிறகு துணிகளை. மாலையில் மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, ரங்கநாதன் தெருவைக் கடப்பதற்குள் எத்தனையோ தோள்கள் இடிக்கும். "கொஞ்சம் வழி விடும்மா" என்பதுதான் பல நாட்கள் எனக்கென்று யாராவது பேசிய ஒரே வாக்கியம்.

அதனால் எனக்குப் பேச்சுத் துணை என்றால் வானொலிக்கு வந்தவர்கள்தான். படப்பிடிப்புக்கு மேகம் வரையும் ஓவியர் ஒருவர், மேகத்துக்கு வெள்ளை பூசவே கூடாது என்று சொன்னார். ஒரு நாடகாசிரியர், கடைசி வரிசையில் இருமுகிறவருக்காகத்தான் வசனம் எழுதுவதாகச் சொன்னார். மைக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். அந்த அரைமணியில் இந்த ஊரில் யாரோ ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். சிவப்பு விளக்கு அணைந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "பஸ் கெடைக்குமா?" என்று அங்கிருந்த யாரையோ கேட்பார்கள். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

உம் கொட்டும் பழக்கத்தை விடுவதற்கு எனக்குச் சில மாதங்கள் ஆயின. கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொள்வேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. வாய் தானாகவே பூட்டிக்கொண்டது. "கண்ணாடி மாதிரி இருக்கு டேப்பு" என்றார் தயாரிப்பாளர். அந்தப் பாராட்டை ஹாஸ்டல் வரை சுமந்துகொண்டு வந்தேன். சொல்லத்தான் ஆள் இல்லை. வாசல் கேட் அருகே காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஆயாதான் தண்ணீர் லாரி வராததைப் பற்றி என்னிடம் ஆரம்பித்தது. நான் நின்று கேட்டேன்.

"இன்னாமா, நான் பாட்டுக்குப் பேசிக்கினு கீறேன், நீ கம்முனு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினு கீற? வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?"

சிரித்தேன். அந்தச் சிரிப்பிலும் சத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில்தான் விஷயம் முற்றிப் போனது தெரிந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு அடித்தால் அம்மாவைக் கூப்பிட்டு விடுவார்கள். அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து, வாசல் முருங்கை ஒடிந்து விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, கேக்கியா? லைன்ல இருக்கியா இல்லியா?"

"இருக்கேன்மா."

"பொறவு மூச்சே காணும்! நான் செவுத்துக்கிட்டயா பேசிக்கிட்டு கெடக்கேன்?"

அவள் பேசியது முழுவதையும் கேட்டிருந்தேன். பூத்தின் கண்ணாடிக் கதவுக்குள் நின்றுகொண்டு, கையில் ரிசீவரோடு, ஒவ்வொரு வரிக்கும் ஒழுங்காகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தயாரிப்பாளர் ஒரு புதுத் தொடர் பற்றிய பேச்சை எடுத்தார். கலைஞர்களோடு மாதம் ஒரு அரைமணி, தனித்தொடராக. பேட்டி காண்பவர் ஒருவரே. "அடையாறுல ஒரு டைரக்டர் இருக்கார். ரெண்டே படம். அப்புறம் யார்கிட்டேயும் பேசறதில்லே. அவரைப் பேச வெச்சுண்டு வா. டேப்பு சுத்தமா வந்தா தொடர் உனக்கு."

மாதம் ஒரு அரைமணி! எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. மாதத்துக்கு ஒருவர் என் எதிரே உட்கார்ந்து பேசப் போகிறார். அது உறுதி. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இயக்குநருக்கு முழங்கால் வலி, நிலையத்துக்கு வர முடியாது. ரெக்கார்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாமா உள்ள, குக்கரா?"

"ரேடியோவுக்குப் பேச்சு பதிவு பண்ற மெஷின்."

"அப்ப தூர வெச்சுக்கமா. நம்ம பேச்சு பூந்துச்சுன்னா ரேடியோ புட்டுக்கும்."

பஸ்ஸே சிரித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நானும் சிரித்தேன். அந்தப் பயணம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று தோன்றியது.

மாடி வீடு. கதவைத் திறந்தவர் வேட்டியைச் சரி செய்துகொண்டே, "ரேடியோவா? வாங்க. காபி நான்தான் போடணும், சுமாராத்தான் இருக்கும்" என்றார். சுமாராகத்தான் இருந்தது. சத்தம் பதிவாகுமே என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். ஜன்னலையும் சாத்தினேன். இருவருக்கும் வேர்த்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டார்.

முதல் கேள்வியைக் கேட்டேன். நன்றாகத்தான் ஆரம்பித்தார். சின்ன வயதில் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ரீடச் வேலை பார்த்தது, கல்யாணப் போட்டோக்களில் அழுத கண்களைச் சரி செய்தது. நான் கண்ணை விரித்தேன், சிரித்தேன், தலையாட்டினேன். அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது. வாக்கியங்கள் குட்டையாயின. "அவ்வளவுதான்" என்று நிறுத்திவிட்டார்.

அடுத்த கேள்வி. அதற்கும் நாலு வரி. "அவ்வளவுதான்."

மூன்றாவது முறை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"பிடிக்கலையாம்மா?"

"ஐயோ, இல்ல சார்! ரொம்ப நல்லாருக்கு!"

"அப்புறம் ஏன் உம்மே வரல?"

வெட்டுவதில் உள்ள சிக்கலைச் சொன்னேன். டேப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமானது.

"நான் கண்ண மூடிட்டுத்தான் பேசுவேன். அப்பத்தான் சீன் தெரியும். நீ தலையாட்றது எனக்கு எப்படித் தெரியும்? எங்க தொழில்ல கதை சொல்றதுன்னு ஒண்ணு இருக்கு, தெரியும்ல? படம் எடுக்க முன்னாடி பணம் போடறவர்கிட்ட முழுக் கதையும் வாயால சொல்லணும். எதிர்ல இருக்கிறவர் உம் கொட்டிட்டே இருப்பாரு. அந்த உம் எங்க நிக்குதோ, அங்க படம் போச்சு. அதுக்கு மேல சொல்றது வீண். நானே எந்திரிச்சு செருப்ப மாட்டிக்குவேன்." மூடியிருந்த ஜன்னலைக் காட்டினார். "இங்க என் வீடாப் போச்சு, எந்திரிச்சுப் போகவும் முடியல."

மூன்றாவது படத்துக்கான கதையைப் பல வருடங்கள், பல பேரிடம் சொன்னாராம். எல்லோரிடமும் ஒரே இடத்தில் உம் நின்றதாம்.

"எந்த இடம் சார்?"

என்னைப் பார்த்தார். நான் டேப்பை ஓடவிட்டேன். "சொல்லுங்க. நான் உம் சொல்றேன்" என்றேன். தொடர், சுத்தமான டேப்பு எல்லாம் மனதில் ஓடத்தான் செய்தன. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டார். சைதாப்பேட்டை ஸ்டேஷன். காலை. ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பி வந்து பிளாட்பாரத்தில் நிற்கிறாள், கையில் டிக்கெட். உம். முதல் ரயில் வருகிறது, ஏறவில்லை. உம். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவது ரயில், ஜன்னலில் அவளுக்குத் தெரிந்த ஒரு முகம், ஆனால் அந்த முகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. உம். மூன்றாவதும் போகிறது. "இங்கதாம்மா நிக்கும்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "உம்" என்றேன். முகமெல்லாம் மாறிப்போனது அவருக்கு. அதன் பிறகு பேசினார் பாருங்கள், சுருள் தீரும் வரை! படங்களைப் பற்றி, நடிகர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பதைப் பற்றி, மழை சீனில் நனையாமல் நின்ற குடைக்காரரைப் பற்றி. எனக்கோ மாதக்கணக்கில் அடைத்துக்கிடந்த உம் எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. அந்த ஸ்டேஷன் பெண் கடைசியில் என்ன செய்தாள் என்று கேட்பதற்குள் டேப்பு ஓடி முடிந்துவிட்டது. ஹாஸ்டல் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தயாரிப்பாளர் டேப்பைப் போட்டுக் கேட்டார். "மனுஷர் அமிர்தமாப் பேசியிருக்கார். நீ மாடு அசை போடற மாதிரி கூடவே வரே" என்றார். ஆனால் ஆள் தேர்ந்தவர். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வெட்டினார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விழுந்த உம் எல்லாம் சின்னச் சின்னப் பழுப்புத் துண்டுகளாகத் தரையில் சேர்ந்தது.

"அந்த ரயில் கதையைத்தான் காப்பாத்த முடியலே. அவர் வார்த்தை மேலேயே ஏறி உக்காந்துண்டிருக்கே. அது போகட்டும். மீதி சுத்தமா இருக்கு. தொடரை உன் பேர்லயே எழுதிடறேன், என்ன?"

தலையாட்டினேன்.

ஒலிபரப்பான காலையில் டிரான்சிஸ்டரைக் காலிக் கட்டிலின் மேல் வைத்துக் கேட்டேன். என் கேள்விகள் இருந்தன. கேள்வி முடிந்ததும் அவர் பேசுவார். நிறுத்துவார். அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. மறுபடி பேசுவார். யாரும் இல்லாத அறையில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. சைதாப்பேட்டை வரவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆயா கீழிருந்து கத்தியது. "ஏம்மா, போனு! யாரோ வயசானவரு!"

"கேட்டேம்மா" என்றார் இயக்குநர். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கேள்வி கேட்டுட்டு நீ எந்திரிச்சுப் போயிட்ட மாதிரி இருந்துச்சு. நான் மட்டும் தனியாப் பேசிட்டிருக்கேன்."

"வெட்டிட்டாங்க சார்."

"தெரியும்மா, நானும் வெட்டினவன்தான். சரி, அது போகட்டும். அந்தப் பொண்ணு என்ன பண்ணான்னு நீ கேக்க வந்த, டேப்பு தீந்துருச்சு. சொல்றேன் கேளு. மூணாவது ரயில் போனப்புறம் பிளாட்பாரத்துல கூட்டமே இல்ல. அவ கையில இருக்கிற டிக்கெட்ட பாக்கறா..."

போன் மேசைக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்தபடி கேட்டேன். எனக்கு அந்த பிளாட்பாரம் தெரிந்தது, அவள் புடவை நிறம் கூடத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் நிறுத்தினார்.

நான் அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன்.

"சரிம்மா" என்றார் அவர். "வெச்சிடறேன்."

"இன்னாமா, போன்ல போயி தலையாட்டினு கீற?" என்றது ஆயா. ரிசீவர் என் கையில் கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது.

திருப்பி அடித்திருக்கலாம். ஆனால் அவர் நம்பர் நிலையத்தில்தான் இருந்தது, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு அடையாறு பஸ்ஸைப் பிடித்தேன். மடியில் பெட்டி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சைதாப்பேட்டை தாண்டும்போது ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது வாயைத் திறந்து ஒரு முறை "உம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கரகரவென்று வந்தது.

கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"மெஷின் எங்க?"

"கொண்டு வரல சார்."

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, எனக்கு ஸ்டூலைக் காட்டினார்.

"எங்க விட்டேன்?"

"கையில டிக்கெட்ட பாக்கறா, சார்."

கண்ணை மூடிக்கொண்டார்.