சத்தம் வராத டேப்பட்

நேற்று பாகூர் கடைத்தெருவில் கீரை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ‘டிக் டிக் டிக்’ என்று டேப்பட் சத்தம். ஓட்டி வந்தவர் வெட்கப்பட்டவர் மாதிரி ஆக்சிலேட்டரை முறுக்கி அதை அமுக்கப் பார்த்தார். ‘லேசா சத்தம் வந்தா தப்பில்லண்ணே, வுட்டுடுங்க’ என்று சொல்ல நாக்கு துடித்தது. நாற்பதைத் தாண்டிய பொம்பளை நடுத்தெருவில் எஞ்சினுக்கு வக்காலத்து வாங்கினால் என்ன நினைப்பார்கள்? கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டேப்பட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஞ்சின் தலையில் இரண்டு வால்வுகள் திறந்து மூடும். வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் டேப்பட் திருகுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். சூடானால் வால்வு நீளும் இல்லையா, அதற்கான இடம் அது. இடம் விடாமல் இறுக்கினால் வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடும். ஆனால் வால்வு முழுதாக மூடாமல் கொஞ்ச நாளில் கருகிவிடும். இடைவெளியை அளக்கக் கடையில் தகடு விற்கிறார்கள். கரையாம்புத்தூரில் எங்கள் வீட்டில் அதற்கு அப்பாவின் ஷேவிங் பிளேடுதான்.

பிளேடு என்றால் ஞாயிற்றுக்கிழமை. எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு, புது பிளேடை இரண்டாக உடைத்து எடுத்துக்கொள்வேன். அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவருவார். “அடியேய், என் பிளேட இன்னாடி பண்ண?” அன்றைக்கு அவருக்கு ஷேவிங் கிடையாது. நுரையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் குந்திக்கொண்டு டார்ச் அடிப்பார். வண்டியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து நானாகப் பழகியது இது. முதல் தடவை எஞ்சின் மூடியைச் சரியாக மாட்டாமல், கரும்பு வயலுக்குப் போன அப்பாவின் வெள்ளை வேட்டியெல்லாம் ஆயில். அதையும் ஊரில் பெருமையாகத்தான் சொன்னார். பெட்ரோலில் கழுவிய கையோடு சாப்பிட்டால் இட்லியும் பெட்ரோல்தான் மணக்கும். அம்மாவுக்கு அந்த வாசனை ஆகாது. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் அது பிடித்திருந்தது.

அப்போது நான் லேப் டெக்னீசியன் படிப்பின் கடைசி வருஷம். பிள்ளையார்குப்பத்தில் ஒரு லேப்பில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஷிஃப்ட். எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் போனால் நேரத்துக்குச் சேர முடியாது. அப்பாதான் சொன்னார்: “படிச்சி முடி. வண்டி உனுக்குத்தான். நான் சைக்கிள்ல போய்க்கிறேன்.” வண்டியை எனக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்தேன், போங்கள்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்குச் சுத்துக்கேணியில் சம்பந்தம் முடிவானது. ஒருநாள், ஞாயிறுகூட இல்லை, அப்பா வந்து, “டேப்பட்ட கொஞ்சம் பாத்துடும்மா” என்றார். சந்தோஷமாகப் பார்த்தேன். சாயங்காலம் மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். காபிகூடக் குடிக்கவில்லை, நேராக வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணிக் காதைச் சாய்த்துக் கேட்டார். “இன்னா மாமா, தம்பிக்கு குடுக்கற வண்டி, சத்தம் வருதே?”

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. “சத்தமே வரக்கூடாதும்மா. இன்னும் இறுக்கு” என்றார்.

“இறுக்குனா வால்வு கருகிடும்பா. உனுக்குத் தெரியாதா?”

தெரியும். என்னோடு குந்திக் குந்தி அவருக்கும் எல்லாம் தெரியும். என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, பிளேடு கிளேடு எதுவும் வைக்காமல் அவரே இறுக்கினார். வண்டி கப்சிப். “ஆங், இப்ப புதுசு மாரி கீது” என்று வந்தவர் ஓட்டிக்கொண்டே போய்விட்டார்.

கொடுத்தது கூடப் பரவாயில்லை. அக்காவுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தால் அழுதுவிட்டுக் கொடுத்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்லாமல் என் கையாலேயே தயார் பண்ண வைத்தார் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. துரோகம் என்றுதான் அதற்குப் பெயர். அப்பா செய்தால் வேறு பெயரா?

லேப் வேலை பஸ்ஸிலேயே தொலைந்தது. தாமதமாக வருகிறவளை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? சில மாதம் கழித்து அக்கா வீட்டுக்காரர் வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட்டே ஆகவில்லையாம். அப்பா கூப்பிட்டார், பிரித்தேன். சைலன்சர் பக்க வால்வு ஓரமெல்லாம் கருகி அரித்திருந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேற வால்வு போட்டுக்கலாம்” என்றார். அவ்வளவுதான். அவர் வேறு ஏதோ சொல்வார் என்று அத்தனை மாதமும் நான் காத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு எந்த வண்டியையும் நான் பிரித்ததில்லை.

அந்த வண்டி வில்லியனூரில் பழைய இரும்புக்குப் போனது. இப்போது என்னிடம் இருப்பது பேட்டரி ஸ்கூட்டர், வால்வே கிடையாது. அப்பா என்னோடுதான் இருக்கிறார். போன வாரம் சாப்பிடும்போது, கரையாம்புத்தூர் மனையை என் பேருக்கு எழுதி வைக்கப்போவதாகச் சொன்னார். “சரிப்பா” என்று ரசம் ஊற்றினேன். அந்த நாளில் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கு வந்தால் பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வருவேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.