சொல் போகலாம், வளையல் போகக்கூடாது

லாஸ் ஏஞ்சலஸில் வெஸ்ட்வுட் வீதியில் மெஹ்ரங்கீஸ் ஒரு மொழிபெயர்ப்புக் கடை வைத்திருந்தாள். ஈரானுக்கு எதை அனுப்பினால் அமெரிக்கா பிடித்துக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்று கேட்பவர்களும் அங்கேதான் வருவார்கள். அவள் வக்கீல் அல்ல. அதனால் வக்கீல்களுக்கு வரும் சந்தேகம் எதுவும் அவளுக்கு வந்ததில்லை. பொருளாதாரத் தடைச் சட்டத்தில் அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு விலக்கு: மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், எழுதிக்கொள்ளலாம், கூடவே விலையுள்ள எதுவும் கைமாறக் கூடாது.

"ஒரு வல்லரசு உங்க அரட்டையை மட்டும் விட்டுவெச்சிருக்கு. தாராளமா பேசுங்க" என்பாள்.

அக்காள் மகன் பர்தியாவின் நிக்காஹ் அந்தக் கடையிலேயே, கைபேசியில் நடந்தது. மணமகள் கோல்நூஷ் ஈரானில், ஷிராஸில். பர்தியாவின் தாய் ஷொகூவும் அங்கேதான். பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு திண்டின்மேல் கைபேசியைச் சாய்த்துவைத்து, வாழ்க்கை இனிக்கட்டும் என்று இருவருக்கும் மேலே துணி பிடித்துச் சர்க்கரைக் கட்டியைத் தேய்த்தார்கள். திரையில் தெரிந்த மாப்பிள்ளையின் மூக்கில் தூள் படிந்தது.

நிக்காஹ் நடத்தும் பெரியவர் பெண்ணிடம் சம்மதம் கேட்டார். மூன்றாம் முறை கேட்டால்தான் பெண் பதில் சொல்வது வழக்கம்.

"பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா!" என்று பெண்கள் கூவினார்கள்.

மறுபடி கேட்டார்.

"பன்னீர் கொண்டுவரப் போயிருக்கா!"

மூன்றாம் முறை யாரும் கூவவில்லை. பெண்ணின் தாய் தொண்டையைச் செருமினாள். "மாப்பிள்ளை வீட்டு நகை வராம எங்க பொண்ணு வாய் திறக்க மாட்டா. எங்கே?"

பர்தியா வெளிறிப்போனான். "சித்தி, நான் மோதிரம் அனுப்பறேன்னுதானே சொன்னேன்? நீங்கதான் பேச்சு மட்டும் போதும்னீங்க."

பேசுவதற்கே நகை கேட்கும் பேச்சு ஒன்று உண்டு என்பதை மெஹ்ரங்கீஸ் மறந்திருந்தாள். அவளே தன் கல்யாணத்தில் தோடு வாங்கிக்கொண்டுதான் வாய் திறந்தவள்.

ஷொகூ சட்டென்று கையிலிருந்து தங்க வளையலைக் கழற்றத் தொடங்கினாள். "இந்தா, பர்தியா சார்பா போடறேன். அப்புறமா எனக்குத் திருப்பித் தந்துடுவான்."

"அக்கா, நிறுத்து! அவன் திருப்பித் தருவான்னா அது இங்கேருந்து போற நகைதான். பையன் மாட்டிக்குவான்."

"அப்போ என்னதான்டி செய்யச் சொல்றே?"

"உன்னோடதுன்னு கொடு. அவன் பேரை இழுக்காதே. திரும்பி வராதுன்னு நெனச்சுக் கொடு."

திரும்பி வராத எதையும் ஷொகூ கொடுத்துப் பழகியதில்லை. வளையல் பாதி விரலில் நின்றது. கோல்நூஷ் எதிரே வைத்திருந்த கல்யாணக் கண்ணாடியைப் பார்த்தபடி வாயை மூடியே இருந்தாள்.

"சம்பந்தியம்மா, சர்க்கரை தீரப்போகுது" என்றாள் பெண்ணின் தாய்.

"என்னோடது. நான்தான் தர்றேன். அமெரிக்காவுக்குக் கேட்டுச்சா?" என்று ஷொகூ வளையலைப் பெண்ணின் கையில் மாட்டினாள்.

"பெரியவங்க அனுமதியோட, சம்மதம்" என்றாள் கோல்நூஷ். குலவையில் கைபேசி கரகரத்தது.

ஷொகூ வெறும் மணிக்கட்டைத் திரைக்கு நேரே நீட்டினாள். "உன் சட்டம் ஷிராஸ் வரைக்கும் வந்து என் வளையலை உருவிட்டுப் போயிடுச்சுடி."

புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்ல மெஹ்ரங்கீஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதுவும் குற்றம்தானே. சட்டத்தை மதிப்பது இவ்வளவு சிக்கனமானது என்று அன்றுதான் கண்டுகொண்டாள்.

"நல்லா இருக்கட்டும் அக்கா, ரெண்டு பேரும்" என்று வாயார வாழ்த்தினாள்.